டயரின் உள்விளிம்பு ஏன் முதலில் தேய்கிறது

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பூப் பார்க்க வருவதில்லை. மாகஸ்தோட்டைச் சரிவில் கார்கள் உறுமிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கவென்றே வருகிற ஒரு கூட்டம் உண்டு. அங்கே நடக்கும் மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. நானுஓயாவை அடுத்த ரதெல்லவிலும் இதே வகை ஓட்டம் உண்டு. கிரகரி வாவியை ஒட்டி வீதிப் பந்தயமும் நடந்திருக்கிறது. மலையேற்றத்தில் வாகனங்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக விடுவார்கள், குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தவர் வென்றவர். ஓட்டம் ஒரு நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

ஒரு நிமிடத்தில் டயர் பெரிதாகத் தேய்ந்துவிடாது. அங்கே சிக்கல் வேறு: மலைக் குளிரில் ரப்பர் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் வாவிக்கரை வீதியிலோ கட்டுகுருந்தை ஓடுபாதையிலோ சுற்றுக்குமேல் சுற்றாக ஓடும்போது கதை மாறிவிடுகிறது. முதற் சுற்றுகளில் வேகமாக இருந்த கார் கடைசிச் சுற்றுகளில் வளைவில் வழுக்கத் தொடங்கும். எஞ்சின் அப்படியேதான் இருக்கும். டயர்தான் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே பந்தயக்காரர்கள் சஸ்பென்ஷனைத் திருகி, ஒரே டயரை நீண்ட நேரம் உயிரோடு வைத்திருக்கும் வழியைத் தேடுகிறார்கள். அவர்கள் எதைத் திருகுகிறார்கள், ஏன் திருகுகிறார்கள் என்பதை இங்கே விளக்கப் பார்க்கிறேன். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் வேன் ஓட்டுகிறவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும் 2022இல் ரூபாய் விழுந்ததும் டயர் விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று மலையகத்தில் வாகனம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடசாலை வேன் ஓட்டிப் பிழைக்கிற ஒருவருக்கு முன்டயர் இரண்டும் ஆறு மாதம் முந்தித் தேய்ந்துவிட்டால் அது வீட்டுச் செலவையே அடிக்கும்.

முதலில் டயர் ஏன் தேய்கிறது என்பது. ஒரு வேனின் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ சுமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 36 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. 500ஐ இரண்டரையால் வகுத்தால் 200 சதுர சென்ரிமீற்றர். தார் வீதியைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டி நிற்பது, திரும்புவது, ஏறுவது எல்லாம் இப்படி நான்கு சிறு துண்டுகளை நம்பித்தான். சக்கரம் நேராக உருண்டுகொண்டே இருந்தால் இந்தத் துண்டில் உள்ள ரப்பர் வீதியில் பதியும், பிறகு எழும். தேய்வு மிகச் சொற்பம். பிரேக் பிடிக்கும்போதும், ஏற்றத்தில் இழுக்கும்போதும், வளைவில் பக்கவாட்டாகத் தள்ளப்படும்போதும் ரப்பர் நீண்டு, தாங்காத இடத்தில் நழுவுகிறது. அந்த நழுவலில்தான் ரப்பர் துகளாக உதிர்கிறது. ஆகவே சஸ்பென்ஷனைச் சரிசெய்து டயரைக் காப்பது என்றால் இரண்டு வேலை: தேவையில்லாத நழுவலை நிறுத்துவது, தவிர்க்கமுடியாத நழுவலை டயரின் முழு அகலத்துக்கும் நான்கு டயர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது.

தேவையில்லாத நழுவலில் முதற் குற்றவாளி டோ. வண்டியை மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன். வெளியே விலகியிருந்தால் டோ-அவுட். பாதத்தைச் சற்றே கோணலாக வைத்து நடக்கிறவரின் ரப்பர் செருப்பு ஒரு பக்கம் மட்டும் கரைந்துபோவதை எல்லோரும் பார்த்திருப்போம். டயருக்கும் அதேதான் நடக்கிறது. வண்டி நேரே போகிறது, சக்கரம் வேறு திசையைப் பார்க்கிறது, இடையில் ரப்பர் பக்கவாட்டாக இழுபடுகிறது.

எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பு வரும். ஒரு சக்கரம் ஒரு பாகை கோணலாக இருந்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது ஏறக்குறைய பதினேழரை மீற்றர் பக்கவாட்டாகத் தள்ளப்பட வேண்டியிருக்கிறது. அரைப் பாகை என்றால் எட்டே முக்கால் மீற்றர். நூறு கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது 870 மீற்றருக்குமேல். இந்த அரைப் பாகை கண்ணுக்குத் தெரியாது. 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையில் ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம், அவ்வளவுதான். ஒரு பள்ளத்தில் பலமாக விழுந்து, சக்கரத்தைத் திருப்பும் டை ரொட் கொஞ்சம் வளைந்தால் போதும். அல்லது டை ரொட் எண்ட் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் போதும்.

அப்படியென்றால் பந்தயக் காரில் டோவைச் சுழியமாக வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். பலர் அப்படி வைப்பதில்லை. முன்சக்கரத்தில் கொஞ்சம் டோ-அவுட் கொடுத்தால் வண்டி வளைவுக்குள் துடிப்பாகத் திரும்பும். பின்சக்கரத்தில் கொஞ்சம் டோ-இன் கொடுத்தால் வால் அலையாமல் நேராக நிற்கும். இரண்டுக்கும் டயர்தான் விலை கொடுக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் நீண்ட ஓட்டத்துக்குத் தயார்செய்யும்போது முதலில் குறைப்பது இதைத்தான். மாகஸ்தோட்டையில் ஒரு நிமிடம் ஏறுவதற்குப் பொருத்தமான டோ, இருபது சுற்று ஓடுவதற்குப் பொருத்தமாகாது.

டோ கோளாறை அறிய இயந்திரம் வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் வாள்பல்போலக் குத்துவதாகவும் இருந்தால் அது டோ. உள்ளிருந்து வெளியே தடவும்போது குத்தினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது குத்தினால் டோ-அவுட். கம்பி இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். தேய்ந்த டயரின் எஃகுக் கம்பி கையைக் கிழித்துவிடும்.

அடுத்தது கெம்பர். வண்டியை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் அதை நெகட்டிவ் கெம்பர் என்பார்கள். பந்தயக் கார்களின் முன்சக்கரங்கள் இப்படிச் சாய்ந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வளைவில் வண்டியின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது. அந்தச் சரிவோடு வெளிச்சக்கரமும் வெளியே சாய்ந்து, டயர் வெளிவிளிம்பில் மட்டும் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால், வளைவில் அது நிமிர்ந்து முழு அகலமும் வீதியில் பதியும். சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் ஒரு பாகைக்குள் இருக்கும். பந்தயத்தில் மூன்று பாகையைத் தாண்டுவது வழக்கம்.

வளைவில் கிடைக்கும் நன்மைக்கு நேர்ப்பாதையில் வட்டி கட்ட வேண்டும். நேரே போகும்போது சாய்ந்த டயரின் உள்விளிம்பே சுமையைத் தாங்குகிறது, அங்கேயே சூடேறுகிறது. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில் நடந்த ஃபோர்முலா வன் போட்டி நல்ல உதாரணம். முன்சக்கரத்தில் நான்கு பாகைக்கு மேல் போகவேண்டாம் என்று டயர் தந்த பிரெல்லி நிறுவனம் சொல்லியிருந்தது. ரெட் புல் அணி சற்றே தாண்டி வைத்தது. தகுதிச்சுற்று முடிந்தபோது முன்டயர்களின் ஓரத்தில் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. உள்ளே இருக்கும் ரப்பர் கொதித்து, மேற்பரப்பைப் பிய்த்துக்கொண்டு வருவதுதான் இந்தக் கொப்புளம். போட்டியை ரெட் புல்தான் வென்றது. ஆனால் டயர் தாங்குமா என்ற அச்சத்தோடுதான் அவர்கள் ஓடினார்கள். அதன்பிறகு அந்த வரம்பை அணிகள் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதாயிற்று.

கெம்பர் மட்டும் தனியே இருந்தால் பலர் நினைக்கிற அளவுக்கு டயரைத் தின்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சக்கரம் சாய்ந்திருந்தாலும் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தால் நழுவல் குறைவு. சாய்வோடு டோ-அவுட்டும் சேர்ந்தால்தான் உள்விளிம்பு கரைந்துபோகிறது; அழுத்தப்பட்ட ஓரம்தானே இழுபடவும் செய்கிறது. காரைத் தாழ்த்தி அழகு பார்க்கும் இளைஞர்களின் ஹொண்டா சிவிக்குகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிங்கை மாற்றி உடலை இரண்டு அங்குலம் இறக்கியதும் கெம்பரும் மாறுகிறது, டோவும் மாறுகிறது. கராஜில் கெம்பரைப் பார்த்துக் குறை சொல்வார்கள். டோவைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

மலையகச் சாலைக்கு வருவோம். ஏ7 வீதியில் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை வழியாக ஏறும் வண்டியின் முன்டயர்கள் பெரும்பாலும் வெளித்தோளில் தேய்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளே காரணம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, மெதுவாக, ஆனால் பாரத்தோடு திரும்பும்போது முன்டயரின் வெளித்தோள் வீதியில் அரைபடுகிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். பாரம் முன்னால் சாய்ந்திருக்க, பிரேக்கும் திருப்பமும் ஒரே டயரில் ஒன்றாக வந்து விழுகின்றன. கொழும்பில் ஓடும் அதே வகை வேனுக்கும் ஹட்டனில் ஓடும் வேனுக்கும் டயர் ஆயுள் வேறுபடுவதற்கு இது முக்கிய காரணம். ஆகவே எலைன்மென்ட் செய்யும்போது தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு தெரிவு இருக்கிறது. கெம்பரைத் திருத்த வழியுள்ள வண்டியில், மேட்டுநில வளைவுகளில் ஓடுகிறவர் அந்த வரம்பின் நெகட்டிவ் ஓரத்தை ஒட்டி வைத்தால் வெளித்தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பந்தயக்காரரின் மூன்று பாகையைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்வது வேறு. அது வெளித்தோளைக் காப்பாற்றி உள்விளிம்பைக் கொன்றுவிடும்.

காஸ்டர் என்று இன்னொரு கோணம் உண்டு. ஸ்டியரிங் திரும்பும் அச்சு, பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதே அது. டயரை அது நேரடியாகத் தேய்ப்பதில்லை. ஆனால் காஸ்டர் கூடும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் வெளிச்சக்கரம் தானாகவே உள்ளே சாய்கிறது. அதாவது வளைவில் வேண்டிய கெம்பரை வளைவிலேயே கொடுத்து, நேர்ப்பாதையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இறுக்கமான வளைவுகள் நிறைந்த பாதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஸ்டியரிங் கனக்கும் என்பதுதான் குறை.

இதுவரை சொன்னது ஒரு டயரின் அகலத்துக்குள் தேய்வைப் பங்கிடுவது. நான்கு டயர்களுக்குள் பங்கிடுவது இன்னொரு வேலை. பந்தயத்தில் பெரும்பாலான நேரம் இதற்குத்தான் போகிறது. 1000 கிலோ எடையுள்ள ஒரு கார், புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு முடுக்கத்தில் வளைவில் திரும்புகிறது என்று கொள்வோம். அதன் எடைமையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரம். சக்கரங்களுக்கிடையே அகலம் ஒன்றரை மீற்றர். கணக்குப் போட்டால் சுமார் 267 கிலோ உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. நின்றபோது பக்கத்துக்கு 500 கிலோவாக இருந்தது, இப்போது வெளியே 767, உள்ளே 233. எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் இந்த 267 மாறாது. உயரத்தைக் குறைக்கலாம், அகலத்தைக் கூட்டலாம், மெதுவாகப் போகலாம்; வேறு வழியில்லை.

ஆனால் அந்த 267இல் எவ்வளவை முன்டயர் தாங்குவது, எவ்வளவைப் பின்டயர் தாங்குவது என்பது நம் கையில் இருக்கிறது. அதற்குத்தான் அன்டி-ரோல் பார். இடது வலது சக்கரங்களை இணைக்கும் எஃகுத் தண்டு அது. உடல் சரியும்போது முறுகி எதிர்த்து நிற்கிறது. முன்னால் தடித்த தண்டைப் போட்டால் சுமை மாற்றத்தில் பெரும்பங்கை முன்வெளிச்சக்கரம் ஏற்கும். சுமை இரட்டிப்பானால் டயரின் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை என்பது டயரின் அடிப்படைக் குணம். ஆகவே அளவுக்குமேல் சுமந்த டயர் நழுவத் தொடங்குகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறார். அது இன்னும் நழுவுகிறது. நிசான் மார்ச், சிவிக் போன்ற முன்சக்கரத்தால் இழுக்கும் கார்களில் இழுப்பும் திருப்பமும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்டயரின் தலையிலேயே விழுகின்றன. பந்தயத்தில் அந்தக் கார்களின் முன்தண்டைத் தளர்த்தி பின்தண்டை இறுக்குவது இதனால்தான். சும்மா உருண்டுவரும் பின்டயரை வேலை வாங்கி, முன்டயருக்குக் கொஞ்சம் மூச்சு கொடுக்கிறார்கள். பின்னால் இழுக்கும் கார் என்றால் பெரும்பாலும் எதிர்மாறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்தண்டை இறுக்கினால் பின்பக்கம் வழுக்கும் அபாயம் கூடுகிறது. வேலி போட்ட ஓடுபாதையில், பழகிய ஓட்டுநருக்கு அது சமாளிக்கக்கூடியது. ரதெல்லக் குறுக்குப் பாதையின் இறக்கத்தில், மழையில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு அது உயிராபத்து. 2023 ஜனவரியில் அந்தப் பகுதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் இறந்ததை மலையகம் மறந்திருக்காது. வீதியில் ஓடும் வண்டியின் அன்டி-ரோல் பாரில் கைவைக்காதீர்கள். டயரைக் காப்பதற்காக ஆளை ஆபத்தில் மாட்டக்கூடாது.

ஷொக் அப்சோபர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது பலமிழந்தால் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடும். டயரைச் சுற்றி விட்டுவிட்டுக் குழி விழும். பந்தயத்தில் மிகவும் இறுக்கி வைத்தாலும் இதே விளைவு, ஏனென்றால் மேட்டில் எழும்பிய சக்கரம் நேரத்துக்குத் திரும்பி வீதியைத் தொடாது. தடவும்போது மேடு பள்ளமாகத் தெரிந்தால் முதலில் பெலன்சிங்கையும் பிறகு ஷொக்கையும் பாருங்கள்.

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலைக்கு ஏறும்போது டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலரும், கூட்ட வேண்டும் என்று சிலரும் சொல்வதுண்டு. கணக்குப் பார்ப்போம். கொழும்பில் 30 பாகை வெப்பத்தில், டயர் சூடாகாமல் இருக்கும்போது 32 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்று பி.எஸ்.ஐ. குறைவு. அளவுமானி உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும், ஆகவே மூன்று கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே வெப்பநிலை 15 பாகை. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால் இரண்டேகால் பி.எஸ்.ஐ. அளவு குறைகிறது. கூட்டிக் கழித்தால் முக்கால் பி.எஸ்.ஐ.தான் மிச்சம். வாகனக் கையேடு சொல்லும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலையில், நீங்கள் ஓடும் ஊரிலேயே அடித்துக்கொள்ளுங்கள். மலையைப் பற்றி வேறு கவலை வேண்டாம். இறக்கத்தில் இறங்கியவுடன் சூடான டயரில் அளந்து, கூடிவிட்டதே என்று காற்றை இறக்குவதுதான் தவறு. அடுத்த நாள் காலையில் அது குறைகாற்றோடு நிற்கும். இரண்டு தோள்களும் தேயும்.

பந்தயத்தில் இந்தச் சூடே அளவுகோல். கார் உள்ளே வந்தவுடன், ஊசிமுனை வெப்பமானியை டயர் ரப்பருக்குள் மூன்று இடத்தில் குத்தி அளப்பார்கள்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடாக இருந்து நடு குளிர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. உள்விளிம்பு வெளியைவிடச் சில பாகை கூடுதலாக இருப்பது சரி. வித்தியாசம் பத்துப் பாகையைத் தாண்டினால் கெம்பரைக் குறைக்க வேண்டும். முன்டயர் இரண்டும் பின்டயரைவிட மிகச் சூடாக இருந்தால் அன்டி-ரோல் பார் பக்கம் போக வேண்டும். ஒரு தடவையில் ஒன்றையே மாற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி அளப்பார்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

குளிரும் டயரைத் தின்னும் என்பது மலையேற்றப் பந்தயம் பார்க்கிறவர்களுக்குப் பயன்படும் செய்தி. பந்தய டயர்களின் ரப்பர் 80, 90 பாகை வெப்பத்தில் வேலை செய்யவென்று செய்யப்பட்டது. நுவரெலியாவின் ஏப்ரல் காலையில் அந்த ரப்பர் விறைத்துக் கிடக்கும். அந்த நிலையில் நழுவவிட்டால் மேற்பரப்பு கிழிந்து, துணுக்குத் துணுக்காகச் சுருண்டு டயரிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு டயர் வீதியைத் தொடாமல் அந்தத் துணுக்குகளின் மேலேயே ஓடும். சூட்டினால் வருகிற கொப்புளத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் சஸ்பென்ஷனைத் திருகினால், தீர்வு எதிர்த்திசையில் போய்விடும்.

டயரும் சஸ்பென்ஷனும் ஒன்றையொன்று எப்படி உடைக்கும் என்பதற்கு 2005ஆம் ஆண்டைச் சொல்லலாம். அந்த வருடம் ஃபோர்முலா வன்னில் தகுதிச்சுற்றுக்கும் முழுப் போட்டிக்கும் ஒரே தொகுதி டயர்தான் என்று விதி வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் நூர்பேர்க்ரிங் போட்டியில் முன்னணியில் ஓடிய கிமி ராய்க்கோனன் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டார். டயரில் ஓர் இடம் தட்டையாகிவிட்டது. சுற்றுக்குச் சுற்று அந்தத் தட்டை இடம் வீதியில் அடித்து அதிர, கடைசிச் சுற்றில் முன்சஸ்பென்ஷன் உடைந்து கார் வெளியே பறந்தது. அதற்கு அடுத்த மாதம், ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே சரிவாகக் கட்டப்பட்ட 13ஆவது வளைவில் அழுத்தம் தாங்காமல் மிச்செலின் டயர்கள் பயிற்சியிலேயே பழுதாயின. அந்த டயர் போட்ட 14 கார்களும் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரோடு ஓடிய ஆறு கார்களில் ஜோர்டன் அணிக்காக நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். ஃபோர்முலா வன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். உலகின் மிகச் சிறந்த பொறியியலாளர்கள் சேர்ந்திருந்த இடத்திலும், டயர் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்ற ஒரு கேள்வி 14 கார்களை நிறுத்திவிட்டது.

இனி வேன்காரருக்கு. டயர் ஒரு பக்கம் தேய்கிறது என்று கண்டவுடன் புது டயர் வாங்கப் போகாதீர்கள். ரீபில்ட் செய்யவும் கொடுக்காதீர்கள். காரணம் அப்படியே இருக்க, புது டயரும் அதே வழியில்தான் போகும். முதலில் காற்று. பிறகு வண்டியை ஜாக் போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகவும் இடம் வலமாகவும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங், போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட், லோவர் ஆம் புஷ் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. அதை மாற்றாமல் எலைன்மென்ட் செய்வது காசை வீசுவது. இயந்திரத்தில் சரியாகக் காட்டிய கோணம் முதற் பள்ளத்திலேயே மாறிவிடும். பல வேன்களில் முன்பக்கம் டோர்ஷன் பாரில் நிற்கிறது. வருடக்கணக்கில் பாரம் ஏற்றி அது தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருந்தால், உயரத்தைச் சரிசெய்த பிறகே கோணத்தை அளக்க வேண்டும். வரிசையும் முக்கியம்: காஸ்டர், கெம்பர், கடைசியில் டோ. கெம்பரை மாற்றினால் டோ தானாக மாறும். டோவை முதலில் செய்துவிட்டுக் கெம்பரைத் திருகினால் செய்த வேலை வீண்.

முச்சக்கர வண்டியில் இந்தக் கோணங்களைத் திருத்தும் ஏற்பாடு இல்லை. அங்கே காற்று, புஷ், பெயாரிங் மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பதே எலைன்மென்ட். எந்த வண்டியானாலும் டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள், அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். டயரின் எந்த ஒரு பகுதி அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தாலும் டயர் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். நடுவில் நிறைய இருக்கிறதே என்று உள்விளிம்பு வழுக்கையான டயரை ஓட்டுகிறவர்கள் மலையகத்தில் அதிகம். வெளியே நின்று பார்த்தால் அந்த விளிம்பு கண்ணில் படாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் பந்தயக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கோணம் அளக்கும்போது ஓட்டுநரின் எடைக்குச் சமமான பாரத்தை அவரது இருக்கையில் வைத்துவிட்டுத்தான் அளப்பார்கள். பாரம் ஏறினால் சஸ்பென்ஷன் அமிழும். அமிழ்ந்தால் கெம்பரும் டோவும் நகரும். நம் கராஜ்களிலோ காலி வேனை மேடையில் ஏற்றி அளந்து அனுப்பிவிடுகிறார்கள். காலையில் பிள்ளைகளும் புத்தகப் பைகளும் நிறைந்து ஓடும் வேனுக்கு அந்த அளவு பொருந்தாமல் போகலாம். ஆகவே எலைன்மென்ட் முடிந்ததும், வழக்கமாக ஏறுகிற பாரத்தில் பாதியளவுக்காவது மூட்டைகளை இருக்கைகளில் வைத்து, டோவை மட்டும் மறுபடி ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு அளவும் கையேட்டு வரம்புக்குள் இருந்தால் சரி. காலியில் சரியாக இருந்து பாரத்தில் வரம்பை விட்டு வெளியே போனால், ஸ்பிரிங்கும் புஷ்களும் பார்க்கப்பட வேண்டியவை. அளவுகள் எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த 5000 கிலோமீற்றரில் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து அதிலேயே எழுதி வையுங்கள்.